சாளரம் தன் இடத்தை ஏன் மறக்கிறது?

ஒரு நிரலைத் திறக்கிறோம். அதன் சாளரத்தைத் திரையின் வலது ஓரத்துக்கு இழுத்து, உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, வேலை முடிந்ததும் மூடுகிறோம். மறுநாள் திறந்தால் அது இடது மூலையில், பழைய சிறிய அளவிலேயே வந்து நிற்கிறது. கணினியில் இதைவிடப் பெரிய கோளாறுகள் எத்தனையோ உண்டு. ஆனால் நாற்பது ஆண்டுகளாகியும் தீராமல், ஒவ்வோர் இயங்குதளத்திலும் ஒவ்வொரு முகத்தோடு திரும்பி வருபவை குறைவு. நாளெல்லாம் இரண்டு ஆவணங்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் மெய்ப்புத் திருத்துநருக்கும் கணக்கருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இது அற்ப விஷயமல்ல. கை பழகிய இடத்தில் பொருள் இல்லாத மேசையில் வேலை செய்வதைப் போன்றது அது.

மேலோட்டமாகப் பார்த்தால் நினைவில் வைக்க வேண்டியவை நான்கே எண்கள்: இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, அகலம், உயரம். சின்னக் கோப்பொன்றில் ஒரு வரி போதும். பிறகு ஏன் மறக்கிறது? இதற்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அவை வேறொரு கேள்வியில்தான் பிரிந்து நிற்கின்றன என்பது தெரியும்: நினைவில் வைப்பது யார் வேலை? நிரலின் வேலையா, இயங்குதளத்தின் வேலையா, சாளரங்களை நிர்வகிக்கும் இடைநிலை மென்பொருளின் வேலையா, பயனரின் வேலையா? அந்த நிலைப்பாடுகளையும் அவை பிறந்த சூழலையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. கூடவே ஒரு வாதத்தையும் முன்வைக்கிறது. பெரும்பாலான நேரங்களில் எண்கள் தொலைவதில்லை. அவை எங்கிருந்து அளக்கப்பட்டன என்ற விவரம்தான் தொலைகிறது.

கேள்வி பிறந்த இடம்

சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி சாளரங்களைப் பெரும்பாலும் ஓடு பதித்ததுபோல் அடுத்தடுத்தே வைத்தது. 1985 நவம்பரில் வெளியான விண்டோஸ் 1.0 கூட அப்படித்தான்: நிரல்களின் சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காது. இடத்தைத் தீர்மானிப்பது இயங்குதளமே என்பதால், பயனரின் தேர்வு என்று நினைவில் வைக்க அங்கே அதிகம் இல்லை.

ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்கள் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ஸ்மால்டாக் சூழலில் எழுபதுகளிலேயே இருந்தன. அங்கேயும் மறதி ஒரு சிக்கலாக எழவில்லை; அதற்குக் காரணம் வேறு. ஸ்மால்டாக்கில் நிரல், தரவு, சாளரங்கள் எல்லாமே ஒரே நினைவகப் படிமத்தில் வாழ்ந்தன. அந்தப் படிமத்தைச் சேமித்துவிட்டு மறுநாள் திறந்தால் எல்லாம் விட்ட இடத்தில் விட்டபடி இருக்கும். மறதி நுழைந்தது, நிரல்கள் தனித்தனியாகப் பிறந்து தனித்தனியாக இறக்கத் தொடங்கிய பிறகுதான். இறந்து பிறக்கும் நிரலுக்கு முற்பிறவி நினைவை யார் கொடுப்பது என்பதே அப்போது எழுந்த கேள்வி.

நிரலே நினைவில் வைக்கட்டும்

விண்டோஸ் மரபின் பதில் இது. புதிய சாளரத்தை உருவாக்கும்போது இடம் சொல்லத் தேவையில்லை என்று நிரல் குறிப்பிட்டால், இயங்குதளம் தனக்குத் தோன்றிய இடத்தில் வைக்கும். அடுத்த சாளரத்தைச் சற்றுக் கீழே, சற்று வலப்பக்கம் தள்ளி வைக்கும். பழைய இடம் வேண்டுமானால் நிரல்தான் அதைக் கேட்டுப் பெற்று, முன்பு ஐஎன்ஐ கோப்பிலும் பின்னாளில் ரெஜிஸ்ட்ரியிலும் எழுதிவைத்து, திறக்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் 3.1இன் புரோகிராம் மேனேஜரில் ‘வெளியேறும்போது அமைப்புகளைச் சேமி’ என்று ஒரு தேர்வே இருந்தது. அதைக் குறியிட்டால்தான் சாளரங்களின் இடம் நினைவில் நிற்கும். இன்று பழமையாகத் தோன்றும் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது: நினைவில் வைப்பது ஒரு செயல், அது பயனர் சொல்லி நடக்கும் செயல் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. பின்னாளில் அது கண்ணுக்குத் தெரியாத வேலையாக மாறியபோது, தவறினால் எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பதும் கடினமாகிவிட்டது.

நிரலிடம் பொறுப்பை விடுவதற்கு ஆதரவான வாதம் வலுவானது. எந்தச் சாளரம் முக்கியமானது, எது ஒருமுறை தோன்றி மறைவது, எதை எப்போதும் நடுவில் காட்ட வேண்டும் என்பதெல்லாம் நிரலுக்கே தெரியும். பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆயிரம் நிரல்கள் ஒரே வேலையை ஆயிரம் முறை எழுதுகின்றன. ஒரே பிழைகளையும் ஆயிரம் முறை செய்கின்றன.

அவற்றுள் மிகச் சாதாரணமானது, எப்போது எழுதுவது என்பதில் வரும் பிழை. சாளரம் அழியும்போது எண்களை எழுதலாம் என்று நிரலாசிரியர் முடிவு செய்கிறார். பயனர் மூடும் பொத்தானை அழுத்தும்வரை எல்லாம் சரியாக நடக்கும். ஆனால் நிரலைத் திறந்து வைத்தபடியே கணினியை அணைத்தால் விண்டோஸ் அனுப்புவது வேறு செய்தி. அமர்வு முடிகிறது என்ற அறிவிப்பு மட்டும் வந்துவிட்டு, சாளரம் அழியும் செய்தி வராமலே நிரல் நிறுத்தப்படலாம். லினக்ஸில் முடிவு சிக்னலைக் கவனிக்காத நிரலுக்கும் இதே கதிதான். மாலையில் நிரல்களை மூடாமல் அணைத்துவிட்டுப் போகிறவரிடம் ‘அடிக்கடி மறக்கிறது’ என்ற புகாரும், ஒவ்வொன்றாக மூடிவிட்டுப் போகிறவரிடம் ‘எனக்குச் சரியாகத்தானே இருக்கிறது’ என்ற பதிலும் வருவது இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மையே.

ஒரே நிரலின் இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும்போது எதை நினைவில் வைப்பது என்பது இன்னொரு சிக்கல். பெரும்பாலும் கடைசியாக மூடப்பட்டது வெல்லும். பெரிய சாளரத்தில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, கடைசியில் ஒரு சின்னச் சாளரத்தை மூடினால் மறுநாள் எல்லாம் சின்னதாகத் திறக்கும்.

எண்கள் எங்கிருந்து அளக்கப்பட்டவை?

நிரல் உரிய நேரத்தில் எழுதிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான்கு எண்கள் தாமாக எதையும் சொல்வதில்லை. நில அளவையில் புலப்படம் இருந்தும் எல்லைக்கல் இடம் மாறிவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. அளவு சரி, அளக்கத் தொடங்கிய கல் மாறிவிட்டது. இந்தச் சிக்கலின் சாரம் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில், சாளரம் என்பது எது? நிரல் வரையும் உட்பகுதியா, தலைப்புப் பட்டையும் ஓரங்களும் சேர்ந்த முழுச் சட்டமா? தலைப்புப் பட்டை 30 பிக்சல் உயரம் என்று கொள்வோம். சட்டத்தின் மேல்விளிம்பு திரையின் உச்சியிலிருந்து 100இல் இருக்கிறது. உட்பகுதி 130இல் தொடங்குகிறது. நிரல் உட்பகுதியின் இடமான 130ஐ எழுதிவைத்து, திறக்கும்போது அதைச் சட்டத்தின் இடமாகக் கொடுத்தால், சாளரம் 30 பிக்சல் கீழே இறங்கும். அடுத்த முறை 160. பத்து முறை திறந்து மூடினால் 300 பிக்சல் கீழே போயிருக்கும். 768 பிக்சல் உயரமுள்ள மடிக்கணினித் திரையில் அது பாதித் தூரத்துக்குச் சற்றே குறைவு. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் சாளரம் மறதிக்கு உதாரணமே அல்ல. அது ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக நினைவில் வைத்து, ஒவ்வொரு முறையும் வேறு கல்லிலிருந்து அளக்கிறது.

லினக்ஸ் உலகின் எக்ஸ் விண்டோ அமைப்பில் இந்தக் குழப்பம் கூடுதலாக வேரூன்றியது. அங்கே சட்டத்தைப் போடுவது நிரல் அல்ல, சாளர மேலாளர் என்னும் தனி மென்பொருள். அது நிரலின் சாளரத்தை எடுத்துத் தன் சட்டத்துக்குள் பொருத்துகிறது. அந்த வேலையும் உடனே முடிவதில்லை, சற்றுத் தாமதித்தே நடக்கிறது. அதற்குள் நிரல் தன் இடம் எது என்று கேட்டால், சட்டமே இல்லாத நிலையின் பதில் கிடைக்கக்கூடும். க்யூட்டி கருவித்தொகுப்பின் ஆவணங்கள் இந்தச் சிக்கலை விளக்கத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கின்றன.

விண்டோஸில் இதற்கு இணையான பொறி, டாஸ்க்பாரை மேலே வைத்திருப்பவர்களுக்குக் காத்திருந்தது. சாளரத்தின் நிலையைச் சொல்லும் ஒரு செயற்கூறு, டாஸ்க்பார் நீங்கலான வேலைப்பரப்பிலிருந்து அளந்து சொல்லும். சாளரத்தை நகர்த்தும் வேறொரு செயற்கூறு, முழுத் திரையிலிருந்து அளக்கும். முன்னதில் கேட்டு, பின்னதில் கொடுத்தால், 40 பிக்சல் உயர டாஸ்க்பார் மேலே இருக்கும் கணினியில் சாளரம் ஒவ்வொரு முறையும் 40 பிக்சல் மேலேறும். டாஸ்க்பார் கீழே இருக்கும் நிரலாசிரியரின் கணினியில் இரண்டும் ஒரே எண். அவர் எத்தனை முறை சோதித்தாலும் பிழை கண்ணில் படாது.

சுருக்கிய சாளரத்தை மூடும்போது வேறு விதமான பிழை நேர்கிறது. விண்டோஸ் சுருக்கிய சாளரத்தை யாரும் பார்க்க முடியாத தொலைவில், -32000, -32000 என்ற புள்ளியில் கொண்டுபோய் வைக்கும். அந்த எண்ணின் வரலாற்றை மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் தம் கட்டுரைத் தொடரில் எழுதியிருக்கிறார். சுருக்கிய நிலையில் மூடப்படும் நிரல், சாளரம் எங்கே இருக்கிறது என்று நேரடியாகக் கேட்டு எழுதினால் அந்த எண்ணே பதிவாகும். மறுநாள் நிரல் இயங்கும், டாஸ்க்பாரில் தெரியும், திரையில் மட்டும் வராது. அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்து -32000 என்ற எண் இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது.

எதிர்ம எண் என்றாலே பிழை என்று நினைப்பதும் பிழைதான். முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் 1920 பிக்சல் அகலமுள்ள மானிட்டரை வைத்தால், அதன் புள்ளிகள் -1920இலிருந்து -1 வரை அமையும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் தூக்கி எறி என்று எழுதியிருக்கும் நிரல், இடப்பக்கத் திரையில் வைத்த எதையும் நினைவில் வைக்காது. வலப்பக்கத் திரையில் வைத்ததை வைக்கும். பயனருக்கு இது விளங்காப் புதிராகத் தோன்றும். மேக்கின்டோஷில் 1987லிருந்தும் விண்டோஸில் 1998லிருந்தும் பல திரைகளை இணைக்க முடிந்திருக்கிறது. ஆனாலும் ஒற்றைத் திரையை மனத்தில் வைத்து எழுதும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

திரைகளின் அடர்த்தி கூடியபோது அளவுகோலே மாறியது. விண்டோஸில் அங்குலத்துக்கு 96 புள்ளி என்பது 100 விழுக்காடு. 144 என்பது 150 விழுக்காடு. 150 விழுக்காட்டில் 1200 பிக்சல் அகலமுள்ள சாளரத்தை, உருப்பெருக்கத்தைக் கழித்துவிட்டு 800 என்று எழுதிவைத்து, திறக்கும்போது அந்த 800ஐ உண்மைப் பிக்சலாகக் கொண்டால், சாளரம் சுருங்கும். அடுத்த முறை 533, அதற்கடுத்து 356. திசை மாறினால் திறக்கத் திறக்கப் பெருத்துத் திரையை விட்டு வெளியே வழியும். ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி உருப்பெருக்கம் என்பது 2013இல் விண்டோஸ் 8.1உடன் வந்தது, அதன் பிறகு இவ்வகைக் கோளாறுக்கான வாய்ப்புகள் பெருகின என்று சொல்லலாம். 100 விழுக்காட்டு மானிட்டரும் 150 விழுக்காட்டு மடிக்கணினித் திரையும் சேர்ந்திருக்கும் மேசையில், 800 என்ற எண் எந்தத் திரையின் 800 என்று கூடவே எழுதியிருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

இயங்குதளமே நினைவில் வைக்கட்டும்

இரண்டாவது நிலைப்பாட்டின் தாயகம் மேக்கின்டோஷ். அதன் கோப்பு மேலாளரான ஃபைண்டரில் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரே சாளரம், அந்தச் சாளரத்துக்கு ஒரே இடம். அந்த இடம் எங்கே எழுதப்பட்டது என்பதுதான் நுட்பமான செய்தி. கோப்பு முறைமையின் பட்டியலிலேயே, கோப்புறையின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதன் சாளரச் செவ்வகத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வட்டை வேறு கணினிக்கு எடுத்துப் போனாலும் சாளரத்தின் இடம் கூடவே போகும். கோப்புறையும் அதன் சாளரமும் ஒன்றே என்ற எண்ணம் பயனர் மனத்தில் ஊன்றியது. மேக் ஓஎஸ் எக்ஸ் அந்த ஒழுங்கைக் கைவிட்டபோது எழுந்த எதிர்ப்பு சிறிதல்ல. ஜான் சிராகூசா 2003இல் எழுதிய நீண்ட விமர்சனம் அதன் முதன்மையான ஆவணம். பொருள்கள் இருக்கும் இடத்தை வைத்தே அவற்றை அடையாளம் காணும் மனிதப் பழக்கத்தை மென்பொருள் மதிக்க வேண்டும் என்பது அவர் தரப்பின் மையம். லினக்ஸ் உலகில் நோம் 2.6 பதிப்பு 2004இல் இதே வழியைத் தன் கோப்பு மேலாளரில் இயல்பாக்கியது, 2010இல் 2.30 பதிப்பில் அதைக் கைவிட்டது. ஆழமாகப் பின்னிய கோப்புறைகளில் சாளரங்கள் குவிந்துபோவது அந்த முறையின் உண்மையான குறை என்பதை மறுக்க முடியாது.

நிரல்களுக்கு ஆப்பிள் கொடுத்த ஏற்பாடு இன்னும் எளிமையானது. நிரலாசிரியர் சாளரத்துக்கு ஒரு பெயர் வைத்தால் போதும்; மற்றதைக் கருவித்தொகுப்பு பார்த்துக்கொள்ளும். அது எழுதிவைக்கும் வரியைத் திறந்து பார்த்தால் நான்கு எண்கள் அல்ல, எட்டு எண்கள் இருக்கும். முதல் நான்கு சாளரத்துக்கு. அடுத்த நான்கு அப்போதைய திரைக்கு. எல்லைக்கல்லையும் சேர்த்தே பதிவு செய்யும் புலப்படம் இது. திரை மாறிவிட்டதா என்று திறக்கும் நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அதில் இடம் இருக்கிறது. க்யூட்டியும் 4.2 பதிப்பிலிருந்து இதே திசையில் வந்தது: சட்டத்தின் இடம், இயல்பு நிலை இடம், திரையின் எண், பெரிதாக்கப்பட்டிருந்ததா என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும், பிற்காலத்தில் திரையின் அகலமும் அந்தப் பொதியில் சேர்ந்தது. லினக்ஸின் கேடிஈ பணிச்சூழல் நிரல்களின் பழைய அமைப்புக் கோப்புகளில் அகலம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 1920 என்று திரை அகலமும் எழுதப்பட்டு, அதன்பின் சாளர அகலம் வரும். 1366 அகலத் திரைக்கு வேறு வரி. இந்த மூன்று மரபுகளும் தனித்தனியே நடந்து ஒரே முடிவுக்கு வந்திருப்பது கவனிக்கத்தக்கது.

2011இல் மேக்கின் லயன் பதிப்பு இன்னும் ஒரு படி போனது. நிரலை மூடித் திறந்தாலும் எல்லாச் சாளரங்களும் அப்படியே திரும்பி வரும் என்றது. அடிப்படையில் அது ஸ்மால்டாக்கின் பழைய கனவு. ஆனால் பயனர்களில் பலர் அதை விரும்பவில்லை. நேற்று திறந்த ஆவணம் இன்று பலர் முன்னிலையில் தானாகத் திறப்பது எல்லோருக்கும் உகந்ததல்ல. இப்போது ‘நிரலை மூடும்போது சாளரங்களையும் மூடு’ என்ற தேர்வு அமைப்புகளில் இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், இந்த ஏற்பாட்டை மட்டுமே நம்பியிருக்கும் நிரல் தன் சாளரங்களை மறந்ததுபோல் தோன்றும். கோளாறைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியவற்றுள் அந்தத் தேர்வும் ஒன்று.

நிரலுக்குத் தெரியவே கூடாது

மூன்றாவது நிலைப்பாட்டின் முன்கதை எக்ஸ் அமைப்பில் இருக்கிறது. அது எம்ஐடியில் 1984இல் தொடங்கியது. அதன் பதினோராவது வடிவம் 1987இல் வந்தது. இடத்தைச் சொல்லும் உரிமையை அது பயனருக்கே முதலில் கொடுத்தது. கட்டளை வரியில் 80க்கு 24 எழுத்து, இடமிருந்து 100, மேலிருந்து 50 என்று எழுதி முனையச் சாளரத்தைத் திறக்கலாம். நிரல்களும் சாளர மேலாளரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று வகுத்த மரபு நூல் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் செய்தது: இந்த இடம் பயனர் சொன்னது என்று ஒரு கொடி, நிரல் தானாகச் சொன்னது என்று இன்னொரு கொடி. மேலாளர் முன்னதை மதிக்கும், பின்னதைப் பொருட்படுத்தாமல் விடலாம். இதன் விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. தாம் நினைவில் வைத்த இடத்தை மேலாளர் மதிக்க வேண்டும் என்பதற்காக, பயனர் சொன்னதாகவே நிரல்கள் கொடியை உயர்த்தின. வேறுபாடு தேய்ந்தது. 1994இல் வந்த அமர்வு மேலாண்மை நெறி இந்தப் பொறுப்பை முறைப்படுத்த முயன்றது. அதை முழுமையாகக் கடைப்பிடித்த நிரல்கள் சிலவே.

எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் இந்தப் போக்கை அதன் இறுதிக்கே கொண்டுபோனது. கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் 1.0 பதிப்பு 2012இல் வெளிவந்தது. இதன் நெறியில் சாதாரணச் சாளரம் தான் திரையில் எங்கே இருக்கிறது என்பதைக் கேட்கவும் முடியாது, இங்கே வை என்று சொல்லவும் முடியாது. அளவைச் சொல்லலாம், இடத்தைச் சொல்ல முடியாது. இதற்குக் காரணங்கள் உண்டு. பிற நிரலின் பொத்தான்மேல் சரியாகப் படியுமாறு போலிச் சாளரத்தை விரிக்கும் ஏமாற்றுக்கு வழி அடைபடுகிறது. ஓடு பதித்ததுபோல் அடுக்கும் சூழல், தொலைபேசித் திரை, முப்பரிமாணச் சூழல் என எதிலும் நிரல் மாறாமல் ஓடும். ஜிடிகே கருவித்தொகுப்பு 2020 டிசம்பரில் தன் நான்காம் பதிப்பை வெளியிட்டபோது சாளரத்தை நகர்த்தும் செயற்கூறையே நீக்கிவிட்டது.

இந்த நிலைப்பாட்டின் தர்க்கம் சீரானது. ஆனால் பொறுப்பை ஒருவரிடமிருந்து பிடுங்கும்போது இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த ஒப்படைப்பு பல ஆண்டுகள் தாமதமானது. நிரலால் முடியாது, சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் மென்பொருளோ எல்லா நிரல்களுக்கும் அதைச் செய்வதாக வாக்களிக்கவில்லை. நேற்றைய சாளரம்தான் இன்றையது என்று அடையாளம் காட்டும் அமர்வு நெறி நீண்ட விவாதத்தில் இருந்து சோதனை வடிவம் பெற்றது. அந்த இடைவெளியில் பல சாளரங்களைக் குறிப்பிட்ட ஒழுங்கில் பரப்பி வேலை செய்யும் அறிவியல் நிரல்கள்தாம் அதிகம் தவித்தன. இன்று லினக்ஸில் ஒரு நிரல் அளவை நினைவில் வைத்து இடத்தை மட்டும் மறந்தால், அது வேலண்டில் ஓடுகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. அப்படியென்றால் அங்கே கோளாறு எதுவுமில்லை; வடிவமைப்பே அப்படி. பழைய எக்ஸ் நிரல்களுக்கான இடைத்தளத்தில் ஓட்டினால் அதே நிரல் இடத்தை நினைவில் வைக்கக்கூடும். கேடிஈயில் சாளர விதிகளை எழுதி பயனரே இடத்தை நிலைநிறுத்தவும் வழி உண்டு.

மறப்பதே பாதுகாப்பு

ஒரு சிறுபான்மை நிலைப்பாடும் இருக்கிறது. டோர் உலாவி சாளர அளவை வேண்டுமென்றே மறக்கிறது. 1317க்கு 743 என்று ஒருவர் இழுத்து வைத்த அளவு இணையத்தில் அவரைத் தனித்துக் காட்டிவிடும் என்பதே காரணம். அதனால் உலாவி அளவுகளை 200, 100 ஆகியவற்றின் மடங்குகளாக முழுமையாக்கி, எல்லோரையும் ஒரே கூட்டத்தில் கலக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அடையாளத் தடுப்பு அமைப்பை இயக்கினாலும் இதேதான் நடக்கும். அதை இயக்கியதை மறந்துவிட்டு, உலாவிக்கு மறதி என்று கோப்புகளை அழித்துப் பார்ப்பவர்களும் உண்டு.

கோளாறைப் பிரித்தறிதல்

மேலே கண்டவற்றிலிருந்து ஒரு நடைமுறை ஒழுங்கு கிடைக்கிறது. மறந்துவிட்டது என்று தோன்றும் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிக்கலாம்: எழுதவே இல்லை, தவறாக எழுதியது, சரியாக எழுதியும் திறக்கும்போது மதிக்கப்படவில்லை. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதால்தான் நிரலை நீக்கி மறுபடி நிறுவும் வீண்வேலை நடக்கிறது.

எழுதியதா என்பதைக் கோப்பின் நேரமே சொல்லும். ஃபயர்ஃபாக்ஸை எடுத்துக்கொள்வோம். பயனரின் சுயவிவரக் கோப்புறையில் எக்ஸ்யூஎல்ஸ்டோர் என்ற பெயரில் ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். சாளரத்தை நகர்த்தி, உலாவியை முறையாக மூடி, அந்தக் கோப்பு மாற்றப்பட்ட நேரத்தைப் பார்க்க வேண்டும். நேரம் மாறவில்லை என்றால் எழுதவில்லை: கோப்புக்கு எழுதும் உரிமை இல்லை, வட்டில் இடமில்லை, அல்லது ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் ஆய்வகக் கணினி அது. நேரம் மாறியிருந்தால் உள்ளே இருக்கும் இடம், அகலம், உயரம் என்ற எண்களைத் திரையோடு ஒப்பிடலாம். அவை பொருந்தாவிட்டால் பிழை எழுதும் பக்கத்தில். பொருந்தினால் திறக்கும் பக்கத்தில்.

திறக்கும் பக்கத்தில் குற்றவாளி பெரும்பாலும் நிரலுக்கு வெளியே இருக்கிறது. விண்டோஸில் நிரலைத் திறக்கும் குறுக்குவழியின் பண்புகளில், பெரிதாக்கித் திற என்று ஒரு தேர்வு உண்டு. அது இருந்தால் நிரல் முதல்முறை சாளரத்தைக் காட்டும்போது சொல்வதை விண்டோஸ் பொருட்படுத்தாது. திரையோரத்தில் ஒட்டவைத்த சாளரத்தின் கதை வேறு: விண்டோஸ் 7லிருந்து பாதித் திரைக்கு ஒட்டும் வசதி இருக்கிறது. ஆனால் இயல்பு நிலை எது என்று நிரல் கேட்டால் ஒட்டுவதற்கு முந்திய இடமே பதிலாக வரும். அதையே எழுதிவைத்த நிரலைக் குறைசொல்ல முடியாது.

தூங்கி எழும் மானிட்டர் தனி வகை. டிஸ்பிளேபோர்ட் வழியே இணைந்த சில மானிட்டர்கள் அணையும்போது தம்மைப் பிடுங்கிவிட்டதாகவே கணினிக்கு அறிவிக்கின்றன. கணினி சாளரங்களை எஞ்சிய திரைக்குத் தள்ளிவிடும்; மானிட்டர் விழித்த பிறகும் அவை அங்கேயே கிடக்கும். மைக்ரோசாஃப்ட் இதை 2021இல் ஒப்புக்கொண்டு திருத்தம் கொண்டுவந்தது. விண்டோஸ் 11இன் திரை அமைப்புகளில், மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளர இடங்களை நினைவில் வைக்கும் தேர்வு அதன் பயன். நிரல் மூடப்படாமலே இடம் மாறியிருந்தால் சந்தேகப்பட வேண்டியது நிரலை அல்ல, இந்த இணைப்பை.

திரைக்கு வெளியே சிக்கிய சாளரத்தை மீட்க விண்டோஸில் பழைய வழி இன்னும் வேலை செய்கிறது: ஆல்ட்டோடு ஸ்பேஸை அழுத்தி, பிறகு எம் விசை, பிறகு ஏதாவதோர் அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் சாளரம் எலியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

தீராமல் இருப்பவை

முதன்மையான மூன்று நிலைப்பாடுகளையும் நிறுத்துப் பார்த்தால், எண்ணோடு திரையின் விவரத்தையும் சேர்த்து எழுதும் கருவித்தொகுப்பு வழியே இதுவரை நன்றாக உழைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. தனி நிரல்களிடம் விட்டது பிழைகளைப் பெருக்கியது. நிரலுக்குத் தெரியக்கூடாது என்ற நெறி பாதுகாப்பில் வென்று, வாக்குறுதியை நிறைவேற்றுவதில் பின்தங்கியது. அமர்வு நெறி பரவலாக வேரூன்றினால் இந்த மதிப்பீட்டை மாற்ற வேண்டியிருக்கலாம்.

சில கேள்விகளுக்கு எந்தத் தரப்பிடமும் நிறைவான பதில் இல்லை. அலுவலகத்தில் இரண்டு மானிட்டர், வீட்டில் ஒன்று, பயணத்தில் மடிக்கணினித் திரை மட்டும் என்று வாழும் ஒருவருக்கு ஒரு சாளரத்தின் சரியான இடம் ஒன்றா, மூன்றா? ஒரே மாதிரியில் வாங்கிய இரண்டு மானிட்டர்களின் இணைப்பு மாறிப்போனால் எது எது என்று கணினி எப்படி அறியும்? அகராதிச் சாளரத்துக்கு வலப்பக்கம் என்பதுதான் பயனர் மனத்தில் இருக்கும் இடம் என்றால், அதை மேலிருந்தும் இடமிருந்தும் அளந்த எண்களால் குறிக்க முடியுமா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலான அமைப்புகள் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை.

அதுவரை பயனரால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. நிரலாசிரியருக்குப் புகார் எழுதும்போது ‘மறந்துவிடுகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை திரைகள், எது எந்தப் பக்கம், ஒவ்வொன்றின் உருப்பெருக்கம் எவ்வளவு, சாளரத்தை எப்படி மூடினீர்கள், எதை அழுத்தித் திறந்தீர்கள், சாளரம் ஒவ்வொரு முறையும் ஒரே தூரம் நகர்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஆறு விவரங்கள் இல்லாத புகாரை நிரலாசிரியர் தம் ஒற்றைத் திரையில் சோதித்துப் பார்த்து, கோளாறு எதுவுமில்லை என்று மூடிவிடுவார்.